திதியில் எண்ணிய இரண்டு வருடம்

சட்டமும் பஞ்சாங்கம் பார்த்துத்தான் நாள் எண்ணும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அச்சகத்தில் இருபது வருடமாகத் திதியும் ராகுகாலமும் பிழை திருத்துகிறவன். புத்தி வேறு எங்கே போகும்?

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வெடித்து என் தங்கையின் கணவர் இறந்துபோனார். இழப்பீடு கேட்டு மனுப் போட இரண்டு வருடம்தான் கெடு என்றார்கள். தலைத்திவசம் முடியாமல் துக்க வீட்டுக்காரி சர்க்கார் ஆபீஸ் படி ஏறக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொல்ல, ஒரு வருடம் அப்படிப் போனது. மிச்ச வருடத்தைக் கெடுத்தது நான். நாள் கணக்கு என் தொழில், நீ பேசாமல் இரு என்று தங்கையை அடக்கிவிட்டு, அவர் இறந்த ஆடித் தேய்பிறைத் திதி இரண்டாம் முறை வரும் நாளைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தேன்.

வட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, ஏதோ கல்யாணத்துக்குச் சொல்லப் போகிறவன் மாதிரி, கையில் காராச்சேவுப் பொட்டலத்தோடு விருதுநகர் வக்கீலிடம் போனேன். அவர் இறப்புச் சான்றிதழைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அங்கே தொங்கியதும் நாங்கள் அடித்த காலண்டர்தான். கெடு முடிந்து ஐந்து நாள் ஆகிவிட்டது என்றார். நான் விடாமல் திதியைச் சொல்லி வாதாடினேன்.

"ஏங்க, இந்தச் சான்றிதழ்ல திதி எங்கனயாச்சும் போட்டிருக்கா?"

இல்லை. தேதிதான் இருந்தது. திதி இந்த வருடம் எட்டு நாள் தள்ளி வந்திருந்தது. சுவரில் தொங்கிய காலண்டர்த் தாளைத் திருத்திக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். தாமதத்துக்குக் காரணம் எழுதிப் போடலாம், ஏற்பதும் தள்ளுவதும் இழப்பீட்டு அதிகாரி கையில் என்றார் வக்கீல். அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. அவர் மேஜையில் இருந்த தண்ணீரைக் குடித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிக்க முடியுமா என்று கேட்டேன். ஊர்ப் பொங்கலுக்கு லீவு விட்டார்களே, அதையாவது கழியுங்கள் என்றேன். அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். பஸ்ஸில் கடைசிவரை நின்றுகொண்டே வந்தேன். சீட் காலியாகத்தான் இருந்தது.

தங்கை, தான் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றாள். அவள் மகள் நர்சிங் சேர இந்த மனுவைத்தான் நம்பியிருந்தாள். விஷயத்தைச் சொல்லி முடித்தேன். அவள் என் காலைப் பார்த்தாள்.

"யார் செருப்புண்ணே இது?"

வக்கீல் வீட்டு வாசலில் யாருடையதையோ மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று பெரியது.

"ஊருக்கெல்லாம் தேதி அடிச்சுக் குடுக்கீக. நம்ம வீட்டுத் தேதி ஒண்ணு, அதைப் பாக்க முடியலையே."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது ஜோக் அடித்திருப்பேன்.

மறுநாள் மனுப் போட்டோம், ஆறு நாள் தாமதமாக. அண்ணன் திதிப்படி எண்ணியதே காரணம் என்று வக்கீல் எழுதினார், தங்கை கையெழுத்திட்டாள். ஆலைத் தரப்பு ஆட்சேபித்தது. நான்கு மாதம் கழித்து அதிகாரி தாமதத்தை மன்னித்து மனுவை ஏற்றார். அதற்குள் அந்த வருட நர்சிங் சேர்க்கை முடிந்துவிட்டது. தங்கை மகள் இப்போது எங்கள் அச்சகத்தில் காலண்டர்த் தாள் அடுக்குகிறாள். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.