உள்ளே ஐறீன், வெளியே ட்ரில்

கொழும்பு ஹாபரில் கப்பல் சாமான் எண்ணும் கிளார்க்காக வேலை பார்த்து, அங்கேயே தலை நரைத்து, பென்ஷனோடு கொட்டாஞ்சேனை வீட்டில் வந்து உட்கார்ந்தவர் றேமண்ட். பென்ஷன் எடுத்த மனிதர்களில் சிலர் பூச்செடி வளர்ப்பார்கள். சிலர் கோயில் கமிட்டியில் சேர்ந்து சுவாமியாரின் உயிரை எடுப்பார்கள். றேமண்ட் ஒரு ட்ரில் மெஷின் வாங்கினார். எல்லாம் அதிலிருந்து தொடங்கியதுதான்.

அதுவரைக்கும் மனிதர் ஒரு ஆணி அடித்தவரில்லை. ஆனால் ஆணி அடித்த பெட்டிகளைக் கணக்கில்லாமல் பார்த்தவர். பார்த்துப் பார்த்து அவருக்குள் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருந்தது: நல்ல வேலை என்றால் அது திறபடக் கூடாது. கொழும்பில் மூடிய பெட்டி ஹம்பேர்க் போய்ச் சேரும்வரை மூடியே கிடக்க வேணும். வழியில் வாய் திறந்த பெட்டிகள்தான் வேலைக் காலம் முழுக்க அவருக்குத் தலையிடி. கப்பலுக்கு அது சரி. வீட்டுக்குச் சரிவருமா? வீட்டில் இருக்கிற சாமானில் முக்கால்வாசி திறக்கத்தானே இருக்கிறது! இதை யார் அவருக்குச் சொல்வது?

சொல்ல ஐறீன் இருந்தா. சொல்லாத நாளில்லை. கொன்வென்டில் தையல் படிப்பித்த டீச்சர். கடைசி வரிசை வாங்கில் ஊசி விழுந்தாலும் கேட்கிற வகுப்பு அவவுடையது. அந்தக் குரல் இப்போது ஒரே ஒரு மாணவருக்கு. எறும்பு வருகிறது என்று றேமண்ட் அலுமாரி லாச்சியின் பின்பக்கத்தில் ஆணி அடித்தார். கலியாண அல்பம் இன்றைக்கும் அந்த லாச்சிக்குள்தான். கோலிங் பெல்லைச் சரிபண்ணினார். அதற்குப் பிறகு யாராவது பெல்லை அமத்தினால் முன் ஹோலில் ஃபேன் நிற்கும். வேர்த்தால் ஆள் வந்திருக்கிறது என்று எழுந்து போய்ப் பார்க்க வேணும். திருஇருதய ஆண்டவரின் படத்தை மாட்டினார். ஆண்டவர் அன்றிலிருந்து தலையைச் சாய்த்தபடிதான் அந்த வீட்டை ஆசீர்வதிக்கிறார்.

"வேலை தெரிந்த மரவேலை பாஸ் ஒருத்தரைக் கூப்பிட்டா என்ன குறைஞ்சு போகும்?" என்று ஐறீன் கத்துவா.

"பாஸ் செய்தா ரெண்டு வருசம். நான் செய்தா சாகும்வரைக்கும் கழராது" என்பார் றேமண்ட். அது உண்மைதான். அதுதான் பிரச்சினையே.

பாத்ரூம் கதவுப் பூட்டு ஆடத் தொடங்கியது. பழைய காலத்து முழுத் தேக்குக் கதவு. கறையான் வந்துவிடும் என்ற பயத்தில் றேமண்ட் முன்பே அதன் வெளிப்பக்கத்தில் மூன்று இரும்புப் பட்டி அடித்திருந்தார். தண்ணீர் ஹோலுக்குள் வராமல் கீழே சீமெந்தால் கட்டு. டெங்கு நுளம்பு வராமல் மேலே சின்ன ஜன்னலுக்குக் கம்பி வலை. உள்ளே போனால் எலிகூட வெளியே வராது. அதற்கு ஒரு புதுப் பூட்டு வாங்க ஓல்ட் மூர் ஸ்றீற்றுக்குப் போனார். கதவின் தடிப்பை அவர் கைவிரலால் காட்ட, கடையில் நின்ற சிங்களப் பெடியன் அவரை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, "மஹத்தயா, பாஸ் கெனெக் கென்னகன்ன" என்றான். ஒரு பாஸைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னான் பாவம். றேமண்ட் பூட்டை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தார்.

இரண்டு பக்கக் கைபிடியையும் இணைக்க நடுவில் ஒரு கம்பி இருக்கும். அது கொஞ்சம் நீட்டாகத் தெரிந்தது. வடிவாக இல்லை என்று அதை வெட்டினார். பிறகு வெளிப்பக்கத்தில் நீளமான இஸ்குரு ஆணி போட்டு, அதற்கு மேல் பசையும் பூசி, காய்ந்ததும் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. ஹம்பேர்க் வரைக்கும் போகும். மனிதருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பசை நன்றாக இறுகட்டும், விடியும்வரை கதவைச் சாத்த வேண்டாம் என்று ஐறீனிடம் சொல்லிவைத்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய் என்றால் ஐறீனுக்குக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். மழையோ வெயிலோ அது தவறாது. காலையில் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டா. ஊசி போட்டால் கையோடு சாப்பிட வேணும், இல்லாவிட்டால் உடம்பில் சீனி இறங்கிவிடும். மேசையில் பாணும் பருப்பும் தயார். அந்த நேரம் பார்த்து, தண்ணீர் நிற்கப் போகிறதாம் என்று பக்கத்து வீட்டு ஸீனத் மதிலுக்கு மேலால் சொன்னா.

"டக்கெண்டு குளிச்சிட்டு வந்து சாப்பிடுறன்" என்று ஐறீன் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினா. சாத்தும்போதே டொக் என்று ஒரு நல்ல சத்தம். ஹோலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த றேமண்டுக்கு அந்தச் சத்தம் மிகவும் பிடித்தது.

குளித்து முடித்த பிறகு உள்ளே இருந்து குரல் வந்தது. "றேமண்ட்!"

கோபம் வந்தால்தான் ஐறீன் பெயர் சொல்லிக் கூப்பிடுவா. "என்ன?" என்று இவர் எழும்பினார்.

"உங்கட பூட்டின்ட கைபிடி என்ட கையோட வந்திட்டுது."

வெளிப்பக்கக் கைபிடியைப் பிடித்துத் திருப்பினார். அது சுற்றியது. மறுபக்கம் திருப்பினார். அப்பவும் சுற்றியது. வெட்டின கம்பி நடுவில் எட்டாமல் நிற்கிறது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. இஸ்குருவைக் கழற்றப் பார்த்தார். பசை விடுமா?

"பொறு, ஒரு நிமிசம்" என்றார்.

"உங்கட ஒரு நிமிசத்தை நான் கலியாணம் கட்டின நாளில இருந்து பார்க்கிறன்! கொன்வென்டில மரியசீலி சிஸ்டர் அப்பவே சொன்னா, ஹாபர்காரன் வேண்டாமெண்டு. கேட்டனா? என்ட தலையெழுத்து! மனுசர் பாத்ரூமுக்குப் போறதா, இல்லை ஜெயிலுக்குப் போறதா?"

சுத்தியலால் அடித்தார். அடிக்க அடிக்கக் கதவு இன்னும் இறுகினது போலிருந்தது. உள்ளே ஏச்சு நிற்கவில்லை. லாச்சி வந்தது, பெல் வந்தது, சாய்ந்த ஆண்டவர் வந்தார், றேமண்டின் அக்கா வந்தா, அக்காவின் புருசன் வந்தார்.  றேமண்ட் பயப்படவில்லை. ஏச்சுத்தானே, பழகினது.

திடீரென்று ஏச்சு நின்றது. அதற்குப் பிறகு ஐறீன் மெதுவாகச் சொன்னா: "பரவாயில்லை. நீங்க ஆறுதலாச் செய்யுங்க. பாவம், எவ்வளவு கஷ்டப்படுறீங்க."

றேமண்டின் கையிலிருந்து சுத்தியல் விழுந்துவிட்டது.

மற்றவர்களுக்குச் சீனி இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும். ஐறீனுக்கும் அதெல்லாம் வரும். ஆனால் அதற்கு முதல் ஆள் சாந்தமாகிவிடுவா. ஒருமுறை வத்தளையில் ஒரு கலியாண வீட்டில் றேமண்டின் அக்காவுடைய சாரியை, "என்ன வடிவு!" என்று ஐறீன் புகழ்ந்தா. கேட்ட மறுநொடி றேமண்ட் கேக் வெட்டுகிற மேசைக்கு ஓடினவர். அன்றைக்கு டொக்டரே சொன்னார், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் மயக்கம்தான் என்று.

"ஐறீன்! கதை! என்னை ஏசு!" கதவில் இரண்டு கையாலும் அடித்தார்.

"ஏன் ஏசவேணும்? நீங்க நல்லவர்" என்றது குரல். நாக்குக் குழறியது.

"ஐயோ ஆண்டவரே!"

அந்தச் சத்தத்துக்குத்தான் ஸீனத் ஓடிவந்தா. விசயத்தைக் கேட்டதும், "யா அல்லாஹ், அன்ரிக்குச் சீனி எறங்கிட்டுது போல. கதவ ஒடைங்க அங்கிள்!" என்றா.

"உள்ளுக்குத் திறக்கிற கதவு, மகள். உடைச்சா அவவுக்கு மேலதான் விழும். உடைக்கவும் ஏலாது. நான் பட்டி அடிச்சிருக்கிறன்." அதைச் சொல்லும்போது தன்னுடைய வாயிலேயே அறையலாம் போலிருந்தது அவருக்கு.

ஸீனத் அம்புலன்சுக்குக் கோல் எடுத்தா. பக்கத்து ஒழுங்கையில் மரவேலை செய்கிற கிளெமென்ற் பாஸுக்கும் எடுத்தா. அவர் மட்டக்குளியில் ஒரு வேலையில் நிற்கிறாராம், உடனே வெளிக்கிடுகிறாராம். யார் வந்தாலும் முதலில் ஐறீனின் வாய்க்குள் கொஞ்சம் சீனி போக வேணுமே! கதவுக்குக் கீழே சீமெந்து. மேலே வலை. இந்த வீட்டில் ஒரு ஓட்டையும் இல்லாமல் அடைத்தவர் யார்? அவர்தான். ஒவ்வொன்றாக, ஆசை ஆசையாக அடைத்தவர்.

ட்ரில்லை எடுத்தார். பூட்டுக்குள்ளேயே துளைத்தால் பூட்டு உடையும், கதவு திறக்கும் என்பது அவருடைய யோசனை.

"ஐறீன், கதவில சாயாத! அங்கால தள்ளி இரு!" என்று கத்தினார். உள்ளே மெதுவாக ஏதோ நகர்கிற சத்தம் கேட்டது. அந்தோனியாரை நினைத்துக்கொண்டு ட்ரில்லை அழுத்தினார்.  ட்ரில் பூட்டின் வழுவழுப்பில் பட்டு வழுக்கி, ஒரு சாண் தள்ளிப்போய், வெறும் பலகையில் இறங்கியது. இழுக்கப் பார்த்தார், முடியவில்லை. கிர்ரென்று போய்க்கொண்டே இருந்தது, மறுபக்கம் வெளிச்சம் தெரியும்வரை.

பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கதவில் ஒரு ஓட்டை. றேமண்ட் அப்படியே நிலத்தில் உட்கார்ந்து அழுதார். இந்தக் கைக்கு ஒரு வேலையும் சரிவராது, ஒரு வேலையும் சரிவராது, என்ட மனுசியைக் கொன்று போடப் போகிறேன் என்று வாய்விட்டே சொன்னார்.

"அங்கிள், ஓட்டை வந்திட்டுதானே!" என்று ஸீனத் அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினா. "சீனித் தண்ணிய இதுக்குள்ளால ஊத்தேலாதா?"

மனிதர் எழும்பின வேகத்தைப் பார்க்க வேணும். டூல் பெட்டியைத் தலைகீழாகக் கொட்டினார். அதில் தண்ணீர் வைத்து மட்டம் பார்க்கிற ஒல்லிப் பிளாஸ்டிக் பைப் சுருளாகக் கிடந்தது. எப்படிப் பார்ப்பது என்று தெரியாமலே எப்போதோ வாங்கிப் போட்டது. ஸீனத் குசினிக்குள் ஓடி ஒரு ஜக்கில் சீனியைக் கொட்டிக் கரைத்துக்கொண்டு, புனலோடு வந்தா. பைப் ஓட்டைக்குள் நுழைந்தது.

"ஐறீன், பைப் வருது. வாயில வை. வைச்சு உறிஞ்சு. கேட்குதா?"

பதில் இல்லை. ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தார். ஹவுஸ்கோட்டும் ஒரு தோளும் தெரிந்தன. பைப்பை இன்னும் தள்ளினார், இன்னும் தள்ளினார். ஒரு கை மெல்ல எழும்பி அதைப் பிடித்தது.

ஸீனத் புனலை உயரத் தூக்கிப் பிடிக்க, றேமண்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். தண்ணீர் இறங்கியது. நின்றது. திரும்ப இறங்கியது. குடிக்கிறாவா, நிலத்தில் ஓடுகிறதா? அவருக்குத் தெரியவில்லை. அருள்நிறைந்த மரியே சொல்லத் தொடங்கிப் பாதியில் மறந்து, திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். பக்கத்தில் ஸீனத்தின் வாயும் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. ஜக் காலியானது. இன்னொரு ஜக் கரைத்தார்கள்.

அந்த ஜக்கின் பாதியில் உள்ளே ஒரு இருமல் கேட்டது. பிறகு ஒரு மூச்சு. பிறகு:

"இந்தப் பைப்பைக் கழுவினீங்களா?"

றேமண்ட் ஜக்கைக் கீழே வைத்தார். 

"கேட்கிறன்! கழுவினீங்களா இல்லையா? சீமெந்து மணக்குது! றேமண்ட்! மனுசிக்கு வாயில வைக்கிற சாமானெண்டு ஒரு யோசனை வேண்டாமா?"

"இல்லை" என்றார் றேமண்ட். கண்ணீர் தாடையால் வழிந்தது. "கழுவேல்லை ஐறீன். கழுவவே இல்லை." உலகத்திலேயே நல்ல செய்தி அதுதான் என்பதுபோலச் சொன்னார். ஸீனத் சுவரில் சாய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தா. "அல்ஹம்துலில்லாஹ்! அன்ரி ஏசுறா!"

கிளெமென்ற் பாஸ் வந்தபோது உள்ளே ஏச்சு முழு வேகத்தில் நடந்துகொண்டிருந்தது. வெளியே றேமண்ட் கதவோடு காதை ஒட்டி, ஒரு சொல்லும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பாஸ் கதவைப் பார்த்தார். பட்டியைப் பார்த்தார், பசையைப் பார்த்தார். "யார் அங்கிள் இந்த வேலை செய்தது?" என்று கேட்டார். ஸீனத் றேமண்டைப் பார்த்தா. கடைசியில் அவராலும் பூட்டைக் கழற்ற முடியவில்லை. மரம் அறுக்கிற வாளால் கதவின் கீழ்ப்பாதியை அறுத்துத்தான் ஐறீனை வெளியே எடுத்தார்கள். அம்புலன்சில் வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்து, சீனி ஏறிவிட்டது, பயமில்லை என்றார்கள். அந்தோனியார் அடுத்த செவ்வாய்வரை பொறுத்துக்கொள்ளட்டும் என்று ஐறீன் மேசையில் உட்கார்ந்து, ஆறிப்போன பருப்போடு பாணைச் சாப்பிட்டா. முதல் வாய் உள்ளே போகும்வரை றேமண்ட் அவவின் பக்கத்தை விட்டு அசையவில்லை.

"அப்ப அன்ரி, புதுக் கதவுக்கு என்ன மாதிரிப் பூட்டுப் போட?" என்று பாஸ் அளவெடுக்கிற இஞ்சிப் பட்டியை நீட்டிக்கொண்டே கேட்டார்.

ஐறீன் றேமண்டைப் பார்த்தா. சட்டை முழுக்க மரத்தூள், சீனித் தண்ணீர். முழங்கையில் ரத்தம். அவருக்கே தெரியாது.

"பூட்டு வேண்டாம், பாஸ்" என்றா. "பிள்ளைகள் வெளிநாட்டில. இந்த வீட்டில நாங்க ரெண்டு பேர்தான். நான் உள்ள பூட்டிக்கொண்டு யாருக்கு ஒளிக்க?"

அதைக் கேட்டு றேமண்ட் சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினார். பிறகு தயங்கித் தயங்கி, "ஒரு சின்னக் கொக்கியாவது போடுவம். ஒரே ஒரு ஆணி. நானே..." என்றார்.

 பாஸ் இஞ்சிப் பட்டியைச் சுருட்டினார். ஐறீன் பாண் துண்டைப் பருப்பில் தோய்த்து, ஆறுதலாக வாயில் வைத்து, விழுங்கி முடித்தா.

"அடியுங்க" என்றா. "ஆனா நான் வெளிய நிக்கேக்க அடியுங்க."