பாதிச் சாட்சி

சபையில் அவரைச் சொந்தப் பெயரில் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. ஆமென்காரர் என்றால்தான் தெரியும். போதகர் ஜெபத்தை முடிக்க வருவதற்குள் பின்வரிசையிலிருந்து இவருடைய ஆமென் வந்து விழுந்துவிடும். கண் சொருகிக்கொண்டிருப்பவர்கள் திடுக்கிட்டு நிமிர்வார்கள்.

“நான் இன்னும் முடிக்கலையே, பிரதர்” என்று போதகரே ஒருமுறை கேட்டுவிட்டார்.

“நீங்க முடிக்கிறப்போ இன்னொண்ணு சொல்லிட்டாப் போச்சு, பாஸ்டர்” என்றார் இவர். சபையே சிரித்தது.

பிழைப்புக்குக் கண்ணாடிக் கடை. மனைவியின் அண்ணனோடு கூட்டு. ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கதவு, குளியலறை நிலைக்கண்ணாடி எல்லாம் அளந்து வெட்டிக் கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுப்பார்கள். கண்ணாடி மேல் ஒரு தடவைதான் கோடு இழுக்கலாம். அதே கோட்டில் திரும்பப் போனால் அது தன் இஷ்டத்துக்குப் பிளக்கும். அதனால் கட்டர் கையில் இருக்கும்போது மட்டும் ஆமென்காரர் வாய் திறக்க மாட்டார். கோடு விழுந்து, மேசை விளிம்பில் வைத்து அழுத்தி, ‘டக்’கென்று இரண்டாகப் பிரிந்த பிறகு “ஸ்தோத்திரம்!” என்பார்.

“மெதுவா மாப்ளே, மிச்சமும் உடைஞ்சிடப் போவுது” என்பார் மச்சான்.

மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் துணி வெட்டுகிறவள். அதிகம் பேசாதவள். ‘எங்க வீட்டுக்கு உள்ள பேச்சையெல்லாம் அவரே பேசித் தீர்த்துடுறாரு’ என்று தோழிகளிடம் சொல்வாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் பிள்ளை இல்லை. கேட்காத ஜெபமில்லை, ஏறாத ஆஸ்பத்திரிப் படியில்லை. பன்னிரண்டாம் வருஷம் அவள் உண்டானபோது அவர் கடையில் நின்ற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். ஜன்னலுக்கு அளவு சொல்ல வந்த ஒருவர் எதற்கென்று புரியாமலே இரண்டு மிட்டாய் தின்றுவிட்டுப் போனார்.

ஆறரை மாதத்தில் அவளுக்குப் பனிக்குடம் உடைந்தது.

பெண் குழந்தை. எண்ணூற்று நாற்பது கிராம். பிரசவ அறையிலிருந்து நேராகப் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். செருப்பைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, பச்சை அங்கி மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஆமென்காரர் முதல்முறை போனபோது எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் தன் பிள்ளை என்று தெரியாமல் நின்றார். நர்ஸ் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

“இதோ, உங்க கடுகு.”

அன்றிலிருந்து அந்தப் பிரிவில் எல்லோருக்கும் அவள் கடுகுதான். தோல் வெங்காயச் சருகு போல இருந்தது. வாயில் குழாய், அதைப் பிடித்துக்கொள்ளக் கன்னமெல்லாம் பிளாஸ்திரி. பெட்டியின் பக்கவாட்டில் இருந்த வட்டத் துளைக்குள் கையை விட்டு, அவர் தன் சுண்டுவிரலை அவள் உள்ளங்கையில் வைத்தார். கண்ணாடி கீறிக் காய்ப்பேறிய விரல். அவள் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி அவருக்குப் போதுமானதாக இருந்தது. வெளியே வந்ததும் மனைவியின் கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டவர் சொன்ன ஆமென், மூன்று கட்டில் தாண்டிக் கேட்டது.

இரண்டாம் நாள் போதகர் வந்தார். அவரும் கை கழுவி, அங்கி மாட்டி, கண்ணாடிக்கு வெளியே நின்றபடி ஜெபித்துப் பெயர் வைத்தார். ஆமென்காரருடைய அம்மாவின் பெயர். “ரொம்பப் பெரிய பேரா இருக்கே, தூக்கிக்குவாளா?” என்றாள் மனைவி. பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

மூன்று மணிக்கொரு தரம் அவள் உட்கார்ந்து பாலைப் பீய்ச்சினாள். முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அதை நர்ஸ் ஊசி போடும் குழலில் எடுத்து மூக்குவழிக் குழாயில் விட்டாள். ஒரு வேளைக்கு ஒரு மில்லி.

ஆறாம் நாள் ஞாயிறு. காலையில் மூச்சுக்கருவியின் அளவைக் குறைத்தார்கள். “இன்னைக்குப் பரவாயில்லண்ணே. தானாவே கொஞ்சம் இழுக்குறா” என்றாள் நர்ஸ். அவ்வளவுதான், ஆமென்காரருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகச் சபைக்குப் போனார். சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தார்.

“டாக்டர் நாப்பத்தெட்டு மணி நேரம்னாங்க. இன்னைக்கு ஆறாவது நாள். என் ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். என் மகள் பிழைச்சிட்டா. இந்தச் சபையில அவ ஓடி விளையாடுறதை நீங்க எல்லாரும் பார்ப்பீங்க!”

சபை எழுந்து நின்று கைதட்டியது.

மறுநாளே தொற்று கண்டது. அதற்கடுத்த நாள் மூளையில் இரத்தக் கசிவு. ஒன்பதாம் நாள் மதியம் மூன்று மணிக்கு டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்து, இனிக் கருவியால் பலனில்லை என்று சொன்னார். பிறகு நர்ஸ் குழாயை எடுத்து, பிளாஸ்திரியை ஈரப் பஞ்சால் நனைத்து நனைத்து உரித்து, குழந்தையைத் தாயின் நெஞ்சில் வைத்தாள். ஜன்னல் வழியே வெயில் கட்டில் வரைக்கும் வந்து கிடந்தது. அப்போதுதான் அவர்கள் பிள்ளையின் முகத்தை முழுசாகப் பார்த்தார்கள். கன்னத்தில் பிளாஸ்திரி இருந்த இடம் சிவந்திருந்தது. மேலுதடு அப்படியே அவளுடையது.

“ஜெபம் பண்ணுங்க” என்றாள் மனைவி.

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே ஆரம்பித்தாள். “ஆண்டவரே, இவளுக்குக் குளிர் ஆகாது” என்றாள். அதற்குமேல் அவளாலும் முடியவில்லை. இருபது நிமிஷம் இருந்தது குழந்தை.

அடக்கத்துக்குப் போடத் துணி இல்லை. துணிக்கடையில் இருந்ததிலேயே சின்ன சட்டைக்குள் இவளைப் போல் மூன்று பேரைப் போடலாம். தையல் கூடத்தில் நான்கு பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் உட்கார்ந்து, கைக்குட்டை அளவு வெள்ளைத் துணியில் ஒரு கவுன் தைத்தார்கள். அவர்களிடம் இருந்த மிகச் சின்னப் பொத்தானும் அதில் தட்டு மாதிரி தெரிந்ததால், பிரித்துவிட்டு நாடா வைத்தார்கள். சவப்பெட்டியை மச்சான் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வாய்க்கு வாய் வேடிக்கை பேசுகிற மனுஷன் அன்று வழி நெடுக அதன் மூடியில் வைத்த கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார்கள். “ஆண்டவர் தோட்டத்துக்கு ஒரு பூ தேவைப்பட்டிருக்கு, பறிச்சுக்கிட்டார்” என்றாள் ஒருத்தி.

“அவருக்குப் பூவுக்கா பஞ்சம்?” என்று கேட்டுவிட்டு மனைவி உள்ளே போய்விட்டாள்.

சபை மூப்பர் ஒருவர் போகிற போக்கில், “விசுவாசத்துல எங்கயாவது ஓட்டை இருந்திருக்கும், பிரதர். சோதிச்சுப் பாருங்க” என்று சொல்லிப் போனார். அதுதான் ஆமென்காரருக்குள் கண்ணாடிச் சில்லாக ஏறியது. சில் ஏறினால் எடுத்துவிட வேண்டும், விட்டால் உள்ளேயே நகரும் என்று மச்சானுக்கே அவர்தான் சொல்லிக் கொடுத்தவர். ஆனால் இதை எங்கே தேடி எடுப்பது? ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி தனியாகச் சபைக்குப் போனாள். அவர் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கைதட்டிய அந்த முகங்களை எந்த மூஞ்சியோடு பார்ப்பது என்பதுதான் அவருக்குப் பெரிய யோசனை.

பிள்ளை போய்விட்டது, பாலுக்கு அது தெரியவில்லை. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவளுக்கு மார்பு கல்லாகி, காய்ச்சல் கண்டது. அவள் குளியலறையில் நின்று பாலைப் பீய்ச்சிக் கொட்டினாள். இரண்டு நாள் அப்படிக் கொட்டியவள், மூன்றாம் நாள் நர்ஸுக்குப் போன் செய்தாள்.

“அங்க பால் பத்தாத பிள்ளைங்க இருக்கா?”

“இருக்குதுங்கக்கா. நிறைய இருக்கு” என்றாள் நர்ஸ்.

இரத்தம் சோதித்து, கையெழுத்து வாங்கி, ஆஸ்பத்திரியிலிருந்தே கழுவிக் காய்ச்சிய புட்டிகள் கொடுத்தார்கள். ஆமென்காரருக்கு அடக்க முடியாத கோபம்.

“நம்ம பிள்ளைக்கு வேளைக்கு ஒரு மில்லிக்கு மேல உள்ள போவல. ஊரான் பிள்ளைக்குப் புட்டி புட்டியாவா? உனக்கு எப்படிம்மா மனசு வருது?”

“மனசு வரலங்க” என்றாள் அவள். “பால் வருது. சாக்கடையில ஊத்துறப்போ அவளையே ஊத்துற மாதிரி இருக்கு. கொண்டுபோய்க் குடுக்குறீங்களா, இல்ல நான் பஸ்ல போவட்டுமா?”

பச்சை உடம்பு. அவர்தான் போனார். ஐஸ் பெட்டியை ஸ்கூட்டரில் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, பள்ளங்களில் மெதுவாக இறக்கி ஏற்றி, தினமும் காலை ஏழரைக்குப் பிரிவின் வாசலில் நிற்பார். உள்ளே போக மாட்டார். நர்ஸ் வந்து வாங்கி, புட்டியில் தேதி ஒட்டி, காலிப் புட்டிகளைத் தருவாள். ‘வரேன்மா’ என்பார். அவ்வளவுதான் பேச்சு. கடைக்கு வந்தாலும் அப்படித்தான். கோடு விழும், கண்ணாடி பிரியும், ஸ்தோத்திரம் வராது. மச்சான் சில சமயம் அதற்காகக் காத்திருந்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒருநாள் நர்ஸ் புட்டியை வாங்கிக்கொண்டு, “அண்ணே, கதவோரம் இருக்கானே, அந்தப் பையன், ஒண்ணேகால் கிலோ ஆயிட்டான். எல்லாம் அக்கா குடுக்குற பால்தான்” என்றாள்.

கதவின் சின்னக் கண்ணாடி வழியே அவர் பார்த்தார். அதே போலப் பெட்டி, அதே போலக் குழாய். உள்ளே ஒரு கால் மட்டும் உதைத்துக்கொண்டிருந்தது. சந்தோஷம் வரவில்லை. வயிறெரிந்தது. அந்தக் கால் ஏன் தன் மகளுடையதாக இல்லை என்று எரிந்தது. மாடிப்படிக்கு வந்து, காலிப் புட்டிகள் இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேலும் கீழும் போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். ஒன்பதாம் நாள் வராத அழுகை அன்று வந்தது. அழுது முடித்துச் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டவர், தனக்கே கேட்டும் கேட்காத குரலில், “இவனையாவது விட்டுடு” என்றார்.

எழுந்து நாலு படி இறங்கிய பிறகுதான் யாரிடம் பேசினோம் என்பது அவருக்கு உறைத்தது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஆண்டவரோட பேசக்கூடாதுன்னுதான் இருந்தேன். வாய் தவறிப் போச்சு.”

“நான் தினம் சண்டைதான் போடுறேன்” என்றாள் அவள். “ஞாயித்துக்கிழமை சபையில போய் உக்காந்தும், ஏன் ஏன்னு கேட்டுட்டு வரேன். ஒரு பதிலும் இல்ல. ஆனா எழுந்து போன்னும் சொல்லல.”

நாற்பத்தோரு நாள் பால் கொடுத்தாள். பிறகு தானாகவே வற்றிவிட்டது. அதற்கும் ஒருநாள் முழுக்க அழுதாள்.

அதற்கடுத்த ஞாயிறு ஆமென்காரர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். சபையில் வழக்கமான பின்வரிசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். போதகர் பார்த்தார், கண்டுகொள்ளாதது போல இருந்துவிட்டார். சாட்சி நேரம் வந்தது. ஒருவர் மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னார். இன்னொருத்தி கால்வலி நின்றதைச் சொன்னாள். அதன் பிறகு ஆமென்காரர் எழுந்தார். மூப்பர் தலையைக் குனிந்துகொண்டார்.

“போன தடவை நான் பாதிச் சாட்சிதான் சொன்னேன்” என்றார். குரல் மெதுவாக இருந்ததால் முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். “பாக்கியைச் சொல்லணும். என் மகள் பிழைக்கல. ஒம்பது நாள் இருந்தா. நான் கேட்டேன், கிடைக்கல. ஏன்னு எனக்குத் தெரியாது. என் விசுவாசத்துல ஓட்டை இருக்கான்னும் தெரியாது, இருக்கலாம். ஆனா என் விரலை அவ பிடிச்சா. அது நிஜம். வேற எங்க போறதுன்னு தெரியாம இங்க வந்திருக்கேன். அவ்வளவுதான்.”

உட்கார்ந்துவிட்டார். வழக்கமாகச் சொல்லும் அல்லேலூயாவை இதற்குச் சொல்வதா வேண்டாமா என்று சபைக்குத் தெரியவில்லை. போதகர் பிரசங்க மேடையிலிருந்து இறங்கி நடந்து வந்து, அவருக்குப் பக்கத்தில் கிடந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெபம் எதுவும் பண்ணவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் அடுத்த பாட்டைச் சொன்னார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, கீபோர்டு வாசிக்கும் டீச்சரம்மா அவர்கள் பின்னாலேயே வந்தார். அறுபதை நெருங்குகிறவர். இருபது வருஷமாக அதே ஸ்டூலில் உட்கார்ந்து வாசிக்கிறவர். மரத்தடி பெஞ்சைக் காட்டி, “ரெண்டு நிமிஷம் உக்காருவோமா?” என்றார். மூவரும் உட்கார்ந்தார்கள்.

“எனக்கும் ஒருத்தன் இருந்தான். ஏழாம் மாசம்” என்றார் டீச்சரம்மா. “ஒரு பகல் இருந்தான். முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. அவனை என் கண்ணுல காட்டவே இல்ல. பாத்தா மறக்க முடியாதுன்னாங்க. பாக்காததும் மறக்கல.”

ஆமென்காரருடைய மனைவி டீச்சரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவனுக்குப் பேர் வெச்சீங்களாம்மா?”

“நான் மட்டும் மனசுல வெச்சேன்” என்றார் டீச்சரம்மா. பிறகு முப்பத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு, தப்பாக ஏதோ உச்சரித்துவிட்டவர் போல இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நல்ல பேரும்மா” என்றார் ஆமென்காரர்.

அதற்கப்புறம் டீச்சரம்மா நிறைய பேசினார். அந்த ஆஸ்பத்திரியின் சுவர் நிறம், கணவர் கையில் பெட்டியோடு தனியாகப் போய்வந்த சாயங்காலம், அதன் பிறகு அவர் சாகும்வரை இருவரும் அதைப் பற்றிப் பேசாமலே இருந்தது எல்லாம் சொன்னார். ஆமென்காரர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சபையில் எல்லோரும் போய்விட்டார்கள். வாசல் காவலாளி சாவிக்கொத்தோடு வந்து நின்று பார்த்தான். மூன்று பேரும் எழுந்திருப்பதாகக் காணோம். அவனும் படியில் உட்கார்ந்துகொண்டான்.