இரண்டு மத்து

நான் எழுதுகிற சிறுவர் கதைகளில் எப்படியும் ஒரு கதவு வந்துவிடும். கிணற்றில் விழுந்த பிள்ளைக்குப் பாசி படிந்த சுவரில் ஒரு கதவு. பூட்டிய அறையில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு, அது விரலால் கிறுக்குகிற கோடே கதவு. மூச்சு முட்டுகிற இடம் வந்தால் என் கை தானாகக் கற்பனையைக் கூப்பிடும், ஆம்புலன்சைக் கூப்பிடுகிற மாதிரி. இதை முதலில் கண்டுபிடித்தவள் என் மகள்தான். சித்தூர் வீட்டில் கதை கேட்டுக்கொண்டே, புலி வாயைத் திறக்கிற இடத்தில் அம்மாவைப் பார்த்துக் கண்ணடிப்பாள். கதவு வரப்போகிறதாம்.

ஏழு வயதில் அவள் இதயத்தில் ஓட்டை இருப்பது தெரிந்தது. ஓடினால் உதடு வெளுத்தது, அதில்தான் ஆரம்பம். திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தொடையில் சின்னதாகத் துளை போட்டு, குழாய் ஒன்றை இதயம் வரைக்கும் ஏற்றி, ஓட்டைக்கு ஒரு மூடி போடுவார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. மூடி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும், அவ்வளவுதான் என்றார் டாக்டர். அந்த "அவ்வளவுதான்" இரண்டு நாளாக என் செருப்புக்குள் கல்லாகக் கிடந்தது.

முந்தின நாள் சாயங்காலம் வரை பிள்ளை கலகலப்பாகத்தான் இருந்தாள். ஜன்னலில் மலை தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். மலை இருந்த இடத்தில் மேகம் இருந்தது. நர்ஸ் வந்து, கன்னத்தைத் தட்டி, தெலுங்கில், "ரேப்பு பொத்துன மத்து இஸ்தாரம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். காலையில் மயக்க மருந்து கொடுப்பார்கள் என்று அர்த்தம். எனக்கு அது காதில் விழுந்து, அப்படியே கடந்தும் போனது.

அதற்கப்புறம் மகள் ஜன்னல் பக்கமே போகவில்லை. இட்லியைத் தள்ளிவிட்டாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். ஊசி பயம் என்று நினைத்து நான் என் தொழிலைக் காட்டினேன். கட்டிலுக்கு அடியில் ஒரு கதவு இருப்பதாகவும், அதைத் திறந்தால் மேகத்துக்கு மேலே போகலாம் என்றும். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நைனா, இது கதையில்ல. இங்க எங்க கீது கதவு?"

காலையில் பச்சை அங்கி மாட்டும்போதுதான் அம்மாவின் காதில் விஷயத்தைச் சொன்னாள். தன்னைக் கீரை மாதிரி கடையப்போகிறார்களா என்று கேட்டாளாம். எங்கள் வீட்டில் மத்து என்றால் கீரையும் பருப்பும் கடைகிற மரமத்து. பள்ளிக்கூடத்தில் தெலுங்கு பேசுகிற பிள்ளைதான். ஆனால் ஏழு வயதுத் தெலுங்கில் மயக்கம் என்கிற மத்து இன்னும் வந்து சேரவில்லை. ராத்திரி முழுக்க அவள் வயிற்றுக்குள் அந்த மத்து சுற்றியிருக்கிறது. கற்பனை வரம் என்று எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன்.

அது வேற மத்து கண்ணு, தெலுங்கு மத்து, வெறும் மருந்து என்று விளக்கினேன். நம்பவில்லை. கடைகிறவர்கள் கடையப்போகிறோம் என்றா சொல்வார்கள் என்கிற பார்வை. தள்ளுவண்டி வாசலுக்கு வந்துவிட்டது. அவள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"வெண்ணெ எடுக்கற மத்தா?"

வாரத்துக்கு ஒருநாள் என் மனைவி அதே மத்தில்தான் பாலாடையைக் கடைவாள். உருண்டை திரண்டதும் முதல் விரல் மகளுடையது.

"வெண்ணெ வந்து ஓட்டைய அடைச்சிக்குமா?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்றேன். பிள்ளை தானே வண்டியில் ஏறிப் படுத்துக்கொண்டாள். என் கதைப் பிள்ளைகள் எல்லாரும் கற்பனையைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போனவர்கள். இவள் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். தரையில் ஒரு சிவப்புக் கோடு. அதுவரைக்கும் அவள் விரல் என் விரலில் இருந்தது.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலி. யாரோ லட்டு பிரசாதத்தைப் பிட்டு நீட்டினார்கள், வாங்கிக் கையில் வைத்திருந்தேன், அது கசிந்து பிசுபிசுத்தது. உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் ஒரே பழமொழி: வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததாம். வேண்டாம் வேண்டாம் என்று தள்ளத் தள்ள நாக்கின் அடியில் வந்து உட்கார்ந்தது. ஆமாம் என்று நான் சொன்ன ஒரு சொல்தான் அந்தத் தாழியோ என்று தோன்றியது. எழுந்து நடந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி நடந்தேன்.

மதியம் டாக்டர் வந்தார். ஓட்டையின் ஒரு பக்கம் ஓரமே சரியாக இல்லை, மூடியை இரண்டு தரம் வைத்துப் பார்த்தோம், நிற்கவில்லை, எடுத்துவிட்டோம் என்றார். இனி நெஞ்சைத் திறந்துதான் தைக்கவேண்டும். பிள்ளை கொஞ்சம் தேறட்டும், மாசி மாதத்துக்கு மேல் பார்க்கலாம். பயப்படாதீர்கள் என்று தமிழில் ஒருதரம், தெலுங்கில் ஒருதரம் சொன்னார். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தது.

சாயங்காலம் கண் விழித்தாள். உதடு காய்ந்திருந்தது. அம்மா ஈரத்துணியால் ஒற்றினாள்.

"வெண்ணெ வந்துச்சா நைனா?"

அந்த நிமிஷத்தில் என்னால் ஒரு கதவு செய்திருக்க முடியும். இருபது வருஷமாக அதைத்தானே செய்கிறேன். மனைவி ஒற்றுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாள்.

"தெரளல கண்ணு," என்றேன். "இன்னொரு தபா கடையணுமாம். இந்தத் தபா மேல தொறந்து கடைவாங்க. வலிக்கும்."

கூரையைப் பார்த்தாள். அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. வீட்டில் கடையும்போது அம்மா மத்தைச் சுழற்றுவாள், பானை ஆடாமல் அணைத்துக்கொண்டு உட்காருவது மகளின் வேலை. அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள் போல.

"பானைய யாரும் புடிக்கல, அதான்," என்றாள். "அடுத்த தபா நீ உள்ள வந்து புடிச்சிக்கினு நில்லு. கதவு கிதவு வாணாம்."

சரி என்றேன். சித்தூர் திரும்பி வந்தாயிற்று. மாசி நெருங்குகிறது. நேற்றுக்கூட ஒருதரம் நினைவுபடுத்தினாள். சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் என்னை விடமாட்டார்கள் என்பதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.