காளிச்சாமியின் தொடையில் ஆபீசுச் சொத்து

நடையைப் பார்த்தே கமலாத்தாள் ஆளைச் சொல்லிவிடுவாள். கஞ்சிக்கோட்டு பஸ் நிறுத்தத்தில் நின்றபடி, "அதா வர்றாரு பாருங்க எட்டு ஆணி. அவருக்குப் பின்னால தகடு" என்பாள். எட்டு ஆணிக்கும் தகட்டுக்கும் அப்பா அம்மா வைத்த பெயர்கள் உண்டு. ஆனால் டாக்டர் எலும்பில் முடுக்கிய இரும்புக்கெல்லாம் பில் எழுதுகிறவள் அவள். அவளுக்கு அந்தப் பெயர்தான் நாக்கில் வரும்.

அவள் வேலை பார்ப்பது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. சுற்று வட்டாரத்து ஆலைகளில் கை கால் ஒடிந்தவர்கள் வருவார்கள். செலவைப் பாலக்காட்டு இன்ஷூரன்ஸ் ஆபீஸ் ஆஸ்பத்திரிக்குத் தரவேண்டும். தரவைப்பது கமலாத்தாளின் வேலை. அதற்கென்றே ஓர் அரக்குச் சேலை வைத்திருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் படி ஏறமாட்டாள். "வவுறு நெறஞ்ச ஆபீசருக்கு எரக்கம் வராதுங்க. பசிக்கற நேரமாப் பாத்துப் போகோணும். சனியன் தொலையட்டும்னு ஒப்புப் போட்டுருவாரு."

இந்த முறை பசியும் உதவவில்லை. போன வருஷம் லாரியிலிருந்து விழுந்த காளிச்சாமிக்குத் தொடை எலும்புக்குள் எஃகுக் கம்பி செருகியிருந்தது. கல்பாத்திக்காரரான ஆபீசர் ராஜாராமன் பில்லைத் தள்ளிவைத்தார்.

"ஆபரேஷனுக்குத் தரலாம். கம்பிக்குத் தர முடியாது. ஊன்றுகோல் கொடுத்தா, கால் சரியானதும் திருப்பித் தரணுமோல்லியோ? கம்பியும் அதே இனமாக்கும். சாதனம் இங்கே வந்தா, பணம் அங்கே வரும்."

கமலாத்தாள் முதலில் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் சின்னமுத்து, அதேபோல் தொடை ஒடிந்து, காலில் மணல் மூட்டை தொங்கக் கிடந்தான். பழைய பாக்கி தீராமல் கோயமுத்தூர்க் கடைக்காரன் அடுத்த கம்பி தரமாட்டான். இப்படியே விட்டால் எலும்பு கோணலாய்க் கூடிவிடும். "மூட்டை தூக்கற ஆளுங்க. கோணக்கால வச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்?" என்று ஆபீசரிடம் சொல்லியும் பார்த்தாள்.

மறுநாள் பசி வேளையில், அரக்குச் சேலையில், காளிச்சாமியையும் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஏனுங்க சார், கம்பியக் கொண்டாந்துட்டனுங்க."

"எங்கே?"

"இவரு தொடைக்குள்ள. நீங்களே எடுத்துக்குங்க."

காளிச்சாமி இரண்டு கையாலும் தொடையைப் பொத்திக்கொண்டார். "அக்கா! காப்பி வாங்கித் தாரேன்னுதான கூட்டியாந்தீங்க?"

குமாஸ்தாக்கள் சிரித்ததில் மின்விசிறிச் சத்தம் கேட்கவில்லை. "இதென்ன விளையாட்டு?" என்றார் ராஜாராமன்.

"முழுங்குன மாத்திரையத் திருப்பிக் கேப்பீங்களா சார்? இதும் உள்ள போயிருச்சுங்க. மருந்துல சேத்திருங்க."

ராஜாராமன் எழுந்து வந்து, காளிச்சாமியின் தொடையை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"குளிருக்கு வலிக்கறதோ?"

"இல்லீங்க சாமி. தை மாசத்துல இருந்து லோடு ஏத்தறனுங்க."

அவர் நாற்காலிக்குத் திரும்பி, 'சாதனம்' என்பதை அடித்து 'மருந்து' என்று எழுதி ஒப்புப் போட்டார். "மேலே இருந்து கேட்டா நீங்கதான் வந்து பதில் சொல்லணும், கேட்டேளா?"

"அதுக்கென்னங்க, இவரையே மறுக்காக் கூட்டியாறேன்."

காளிச்சாமி அதற்குள் வாசல் தாண்டியிருந்தார், கொஞ்சங்கூட நொண்டாமல்.

பணம் வந்த அன்றே கமலாத்தாள் கோயமுத்தூருக்கு பஸ் ஏறினாள். திரும்பும்போது வாளையார் செக்போஸ்ட்டில் அரிசி கடத்துகிறவர்களைத் தேடி ஒரு காவலர் பஸ்ஸுக்குள் ஏறினார். அவள் மடியிலிருந்த நீளப் பொட்டலத்தின் மேல் கையை வைத்தார்.

"கைய எடுங்க. சின்னமுத்தோட காலுங்க அது."

அவர் பொட்டலத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார். பஸ் கிளம்பியது. கமலாத்தாள் ஜன்னல் பக்கம் திரும்பி, பொட்டலத்தைத் தன் இடுப்பிலிருந்து முழங்கால்வரை வைத்து, நீளம் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்த்துக்கொண்டாள்.