அப்பா கொடுத்த காற்று

இன்று செருப்புத் தைக்கும் கடையில் தோலும் பசையும் கலந்த வாசனை முகத்தில் அடித்ததும், எப்போதோ இடித்துவிட்ட எங்கள் மாதா கோயிலின் பாடகர் மாடமும், அங்கே தோல் துருத்தி பெருமூச்சு விட, நெஞ்சு அதிர முழங்கிய குழல் ஆர்கன் என்ற பெரிய வாத்தியமும் புதுச்சேரி வெயிலோடு திரும்பி வந்தன. அம்மா வாசிப்பாள், பின்னால் நின்று துருத்தியை அழுத்திக் காற்று கொடுப்பது அப்பா. ஒருமுறை ஏதோ சண்டையில் ஒரு வாரமாகப் பேசாதவர்கள், அந்த ஞாயிறும் மாடம் ஏறினார்கள். கீழே பாடுவதற்கு எல்லோரும் காத்திருக்க, அம்மா கட்டைகளை அழுத்தினாள், சத்தமே இல்லை.

“காத்து வரல,” என்றாள் சுவரைப் பார்த்து.

“யாருகிட்ட பேசுற?” என்றார் அப்பா.

“உங்ககிட்டதான். போதுமா? அடிங்க.”

அப்பா துருத்தியை அடித்த அடியில் ஆர்கன் முழங்க, கூரைப் புறாக்கள் பறந்தன. வீடு திரும்பும்போது இருவரும் பேசியபடியே முன்னால் போனார்கள். பின்னால் வந்த என்னை மறந்தே விட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.