எதிர்ப்பக்கக் கதவு

பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறேன். பிளாட்பாரத்தில் இறங்காமல் எதிர்ப்பக்கம் தண்டவாளத்தில் குதித்தால் கம்பெனிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே போய்விடலாம். அந்த நேரத்தில் அந்தப் பாதையில் வண்டி வராது என்பது எங்களுக்கு மனப்பாடம்.

பராமரிப்புப் பணிக்காகச் சில நாள் ரயில்கள் பாதை மாறி வரும் என்று அறிவித்திருந்தார்கள். நான் என் வண்டியின் நேரத்தை மட்டும் பார்த்துவைத்தேன். அன்று எதிர்ப்பக்கப் படியில் கால் வைத்ததும், பின்னால் நின்ற மீன்கார அக்கா என் பையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

“இன்னாமா, சாவப் போறியா? இன்னிக்கு இந்த லைன்லதான் வண்டி உடறாங்க!”

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு எக்ஸ்பிரஸ் என் முகத்துக்கு நேரே பாய்ந்து போனது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இப்போது மேம்பாலம் ஏறித்தான் போகிறேன். எதிர்ப்பக்கக் கதவில் யாராவது கால் வைத்தால், பையைப் பிடித்து இழுத்துவிடுகிறேன். திட்டினால் திட்டட்டும்.