அண்ணனுக்குத் தைத்த பாவாடை

இரண்டு ஊன்றுகோல்களையும் என் தையல் மெஷின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, "தங்கச்சி, எனக்கு ஒரு பாவாடை தைக்கணும்லா" என்றார் அண்ணன். யாராவது கேட்டுவிடுவார்களோ என்று சுற்றுமுற்றும் பார்க்கவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை. சட்டைக்குப் பொத்தான் வைக்கச் சொல்வது போலக் கேட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நல்ல வேளை, உதடுகளுக்கு நடுவில் நான்கு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்தேன். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தி முடிப்பதற்குள் முகத்தைச் சரிசெய்துகொண்டேன்.

ஈப்போ நகரத்து லிட்டில் இந்தியாவில் ஒரு ஜவுளிக்கடையின் பின்மூலையில் பல வருடம் தையல்காரியாக இருந்தேன். ரவிக்கை தைப்பது, சேலைக்கு ஃபால் அடிப்பது, மலாய்க்கார அக்காமார்களுக்கு நீளச் சட்டையும் பாவாடையுமான பாஜு கூரோங் தைப்பது, எல்லாம் நான்தான். அண்ணன் அந்தக் கடையின் மூத்த விற்பனையாளர். எனக்கு உடன்பிறந்தவர் இல்லை. முதலாளி முதல் தேநீர் கொண்டுவருபவர் வரை அவரை அண்ணன் என்றே கூப்பிட்டோம். தாப்பா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை விற்று, ரப்பரை வெட்டி எண்ணெய்க்கான செம்பனை போட்டபோது ஈப்போவுக்கு வந்து, பழைய முதலாளி காலத்திலேயே இந்தக் கடையில் சேர்ந்துவிட்டார். வாசலைப் பார்த்த முன் மேசை அவருடையது. ஒரு சேலையின் கரை எப்படி விழும் என்று யாராவது கேட்டால் போதும், சட்டென்று பிரித்து, ஒரு முனையைக் கால்சட்டை பெல்ட்டில் செருகி, கொசுவம் பிடித்து, முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு, நரைத்த மீசையோடு லேசாகத் தலை சாய்த்து நிற்பார். ஒருத்தரும் சிரித்துப் பார்த்ததில்லை. மனைவிக்குத் துணையாக வந்து சலித்துப்போய் உட்கார்ந்திருக்கும் கணவன்மார்கூட நிமிர்ந்து, "அந்தச் சிவப்பு நல்லாருக்கு" என்பார்கள்.

ஒருநாள் காலை வேலைக்கு வரும் வழியில் சமிக்ஞை விளக்கருகே ஒரு கார் அவருடைய மோட்டார் சைக்கிளை இடித்துவிட்டது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியிருந்தது. மருத்துவமனையில் காலுக்கு வெளியே இரும்புச் சட்டம் ஒன்றை மாட்டி, கம்பிகளைச் சதைக்குள் செலுத்தி எலும்போடு பிடித்துவைத்தார்கள். அது எட்டு மாதமாவது இருக்க வேண்டும் என்றார்கள். ஊன்றுகோலோடு நடக்கலாம், நின்று வேலை செய்யலாம், ஆனால் கால்சட்டை நுழையாது. கால்சட்டையின் ஒரு காலைப் பிரித்து வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். சட்டத்தின் அகலத்துக்கு அது போதவில்லை. அரைக்கால்சட்டை போடலாம்தான். "கல்யாணச் சேலை எடுக்க வாரவங்க முன்னாடி சதையிலேர்ந்து கம்பி நீட்டிக்கிட்டு நிக்கறதா?" என்று அவரே வேண்டாம் என்றுவிட்டார். கைலி கட்டிப் பார்த்தார். இரண்டு கையும் ஊன்றுகோலில் இருக்கும்போது நடுரோட்டில் முடிச்சு அவிழ்ந்தால் எந்தக் கையால் பிடிப்பது? ஒருமுறை மருத்துவமனை நடைபாதையில் மானம் போகப் பார்த்ததாம். ஒரு தாதி ஓடிவந்து பிடித்தாராம். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்.

முதல் பாவாடையில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கறுப்புத் துணியில் தைத்தால் தூரத்திலிருந்து கால்சட்டை போலத் தெரியும் என்று கணக்குப் போட்டேன். கை பழகிய வெட்டு பாஜு கூரோங்கின் கீழ்ப்பாவாடை, ஒரு பக்கம் மட்டும் மடிப்புகள் அடுக்கிய வெட்டு. யோசிக்காமல் அதையே வெட்டித் தைத்துவிட்டேன். ஈப்போவில் அந்தப் பக்க மடிப்பைத் தெரியாதவர் யார்? மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் ஒரு மலாய்க்கார அம்மா மிகவும் அன்பாக, மனைவியின் துணியா என்று கேட்டிருக்கிறார். அண்ணன் கடைக்கு வந்து, "தையல்ல குத்தமில்ல தங்கச்சி. என் சம்சாரத்தோட துணியத் தூக்கிட்டு ஓடியாந்த மாதிரி எல்லாரும் பாக்குறாங்க, அவ்ளோதான்" என்றார். இரண்டாவது துணியை அவரே தேர்ந்தெடுத்தார். பள்ளிச் சீருடைக் கால்சட்டைக்கு வைத்திருந்த கெட்டியான கருநீலம். ஆறு துண்டுகளாக வெட்டி, கீழே நல்ல அகலம் விட்டு, இடுப்பில் நாடாவும் எலாஸ்டிக்கும் சேர்த்து, இரண்டு பக்கமும் ஆழமான பாக்கெட் வைத்தேன். ஊன்றுகோல் தடுக்காமல் இருக்கக் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே நிறுத்தினேன். என் கையால் தைத்ததில் அவ்வளவு நேர்த்தியாக அமைந்தவை மிகக் குறைவு, அதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மனிதர்கள் அதைப் பார்த்த விதம் பலவகை. புண்ணுக்கு மருந்து கட்டும் தாதி, இனிமேல் எல்லா ஆண் நோயாளிகளுக்கும் இதையே சொல்லப்போகிறேன் என்றாராம். காப்பிக்கடைச் சீன அங்கிள் குனிந்து தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "செஜுக் ஆ?" என்று கேட்டார். குளுகுளுவென்று இருக்கிறதா என்று அர்த்தம். அண்ணன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சின்னப் பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள். பதில் கிடைத்ததும் மறந்துவிடுவார்கள். பெரியவர்கள்தான் கேட்கமாட்டார்கள், பார்த்துக்கொண்டே இருப்பார்கள். விபத்து இழப்பீட்டுக்காக ஓர் அரசாங்க அலுவலகத்துக்குப் போனபோது வாசற்காவலர் தடுத்திருக்கிறார். சுவரில் உடை விதிகள் படத்தோடு ஒட்டியிருந்தன. அண்ணன் அதன் முன்னால் நின்று நிதானமாகப் படித்துவிட்டு, "இங்க பாருங்க, பாவாடைனா முட்டிக்குக் கீழ இருக்கணும்னு போட்டிருக்கு. என்னுது கீழதானே இருக்கு?" என்று மலாயில் கேட்டிருக்கிறார். காவலர் படத்தைப் பார்த்தாராம், பாவாடையைப் பார்த்தாராம், பிறகு வரிசை எண்ணைத் தானே எடுத்துக் கொடுத்து நாற்காலியும் இழுத்துப் போட்டாராம். இந்தக் கதையை அண்ணன் எங்களுக்குப் பத்துமுறையாவது நடித்துக் காட்டியிருப்பார்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். பாவாடையைத் தைத்தவள் நான். அது ஏன் தேவை என்று எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவளும் நான். அப்படியும் மதியம் சாப்பிடப் போகும்போது அவரோடு சேர்ந்து நடக்க எனக்குக் கூசியது. ஏதாவது காரணம் சொல்லிப் பின்னால் வருவேன். ஒருநாள் தப்ப முடியவில்லை; வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு இருவரும் பேசிக்கொண்டே போனோம். எதிரே தேநீர்க் கடையில் நின்ற மூன்று இளைஞர்கள் போனைத் தூக்கினார்கள். அண்ணன் பார்க்கவில்லை, நான் பார்த்துவிட்டேன். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வளையல் கடைப் பக்கம் ஒதுங்கி, அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டேன். அவர் சொல்லிக்கொண்டிருந்ததை யாரும் கேட்கவில்லை என்பது தெரியாமல் பத்தடி தூரம் பேசிக்கொண்டே போனார்.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. 'ஈப்போவில் புது ஃபேஷன்' என்று எழுதி, கெக்கெக்கென்று சிரிப்புச் சத்தமும் சேர்த்திருந்தார்கள். அண்ணன் போட்டிருந்தது கடைச் சட்டை. முதுகில் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. தீபாவளிக்கு ஆறு வாரம்தான் பாக்கி. முதலாளி கெட்டவர் இல்லை; அப்பா வைத்துவிட்டுப் போன கடை, அப்பா வைத்துவிட்டுப் போன வேலையாள், இரண்டையும் மதித்தவர். ஆனால் எங்கெங்கிருந்தோ சொந்தக்காரர்கள் அவருக்கே அந்த வீடியோவை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை அண்ணனிடம், "அண்ணே, கொஞ்ச நாளைக்கு மேல இருங்கலா. புதுச் சரக்கு வந்திருக்கு, பிரிச்சு அடுக்கணும். கால் சரியானதும் கீழ வந்துக்கலாம்" என்றார். அண்ணன் முன் மேசையில் இருந்த அளவு நாடாவை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "சரி தம்பி" என்றார்.

சரக்கறை இரண்டாம் மாடியில் இருந்தது. ஊன்றுகோலோடு ஒருவர் அவ்வளவு படிகளையும் எப்படி ஏறுவார் என்று முதலாளிக்குத் தோன்றவே இல்லை. அண்ணன் படியில் பின்பக்கமாக உட்கார்ந்து, கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாகத் தன்னைத் தூக்கித் தூக்கி ஏறினார். ஊன்றுகோல்களை நான் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். பாவாடை அழுக்காகிறதே என்று மட்டும் சொன்னார். சேலை விற்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது. அந்த மேசை கைவிட்டுப் போனால் அது திரும்பக் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கால் சரியாவதற்குள் தீபாவளி முடிந்து, அவர் இல்லாமலே கடை நடக்கும் என்பது முதலாளிக்குப் பழகிவிடும். மூன்று வாரம் அப்படிப் போனது. வாடிக்கையாளர்கள் அண்ணனைக் கேட்டால் விடுப்பில் இருப்பதாகச் சொல்லும்படி எங்களுக்கு உத்தரவு.

நான்காவது வாரம் வெள்ளிக்கிழமை நண்பகல். முதலாளி வழக்கம்போல் வெள்ளைக் கைலி கட்டிக்கொண்டு, கடைத்தெரு வழியாகவே பள்ளிவாசலுக்குத் தொழப் போயிருந்தார். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணச் சேலை எடுக்க வந்திருந்தது. பெண், பெண்ணின் அம்மா, இரண்டு சித்திகள். விற்பனைக்கு நின்ற அக்கா மேசை நிறையச் சேலைகளைப் பிரித்துப் போட்டும் ஒன்றும் பிடிக்கவில்லை. "மீசைக்கார அண்ணன் ஒருத்தர் இருப்பாரே, எங்க? என் கல்யாணத்துக்கு அவர்தான் சேலையப் போட்டுக் காட்டுனாரு" என்றார் அந்த அம்மா. விடுப்பு என்று சொல்ல அக்கா வாயெடுத்தார். என் கால் அதற்குள் படியேறிக்கொண்டிருந்தது. அது துணிச்சல் என்று இப்போது சொல்லிக்கொள்ள மாட்டேன். ஒரு மாதமாக நெஞ்சில் உறுத்திய ஒன்றைக் கொஞ்சம் இறக்கிவைக்கப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"முதலாளி வரட்டும்மா" என்றார் அண்ணன், பெட்டிகளுக்கு நடுவிலிருந்து.

"அவங்க பஸ்ஸுக்குப் போயிருவாங்க அண்ணே. வாங்கலா" என்றேன்.

ஏறியதுபோலவே, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். கடைசிப் படியில் எழுந்து நின்றபோது கல்யாணப் பெண் கையால் வாயை மூடிக்கொண்டாள். ஒரு சித்தி மற்றவளின் கையைக் கிள்ளினாள். வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள் என்று புரிந்தது. அண்ணன் அதைக் கண்டுகொள்ளாமல் மேசையில் இடுப்பைச் சாய்த்து, ஊன்றுகோல்களை என்னிடம் கொடுத்துவிட்டு, பெண்ணின் நிறத்தை ஒரு தடவை பார்த்தார். குவியலின் அடியிலிருந்து அரக்குக் கரை போட்ட மாம்பழ மஞ்சளை உருவினார். ஒரு முனையைப் பாவாடையின் இடுப்பில் செருகினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமும் கால்சட்டை மேல் செருகியதால் சேலை இடுப்பில் புடைத்துக்கொண்டு, கால்களுக்கு நடுவில் ஒடுங்கி நிற்கும். இன்றைக்கு உள்பாவாடை மேல் விழுவதுபோல் கொசுவம் விரிந்து, கரை தரைவரை ஒரே சீராக இறங்கியது. அவரும் குனிந்து பார்த்து ஒரு நொடி அசந்துபோனார். முந்தானையைத் தோளில் போட்டு, தலையைச் சாய்த்து நின்றார். பெண்ணின் கை வாயிலிருந்து எப்போது இறங்கியது என்று நான் கவனிக்கவில்லை. "அம்மா, இதுதான்மா" என்றாள். இரும்புச் சட்டத்தோடு பாவாடையில் நின்றவரைப் பார்த்துச் சிரித்தவர்கள், அதே பாவாடைக்கு மேல் சேலையும் சுற்றிக்கொண்டு நின்றவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதலாளி தொழுகை முடிந்து வந்து வாசலில் நின்றுவிட்டார். அண்ணனும் அவரைப் பார்த்துவிட்டார், ஆனால் சேலையைக் களையவில்லை. அந்தக் குடும்பம் சித்திகளுக்கும் எடுத்துக்கொண்டு கிளம்பும்வரை முதலாளி உள்ளே வராமல் பேப்பர் படிப்பதுபோல் நின்றார். பிறகு கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த உயரமான ஸ்டூலைத் தானே தூக்கி முன் மேசைக்குப் பின்னால் வைத்தார். "நாளையிலேர்ந்து உக்காந்துக்கிட்டே பாருங்கண்ணே. நின்னா கால் வீங்கும்" என்றார். அவரை ஏன் கீழே அழைத்து வந்தாய் என்று என்னிடம் கேட்கவில்லை. மேலே அனுப்பியதற்கு வருத்தமும் சொல்லவில்லை. அண்ணன் அளவு நாடாவைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

சாயங்காலம் தேநீர் குடிக்கும்போது அவரிடம் சொல்லிவிட்டேன். "அண்ணே, அன்னைக்கு ரோட்டுல நான் உங்கள விட்டுட்டுத் தள்ளிப் போயிட்டேன். மன்னிச்சிருங்க."

"தெரியும்லா, வீடியோவுலதான் இருக்கே" என்றார், தேநீரை ஊதிக்கொண்டு. "ஒரு வகையில நல்லதாப் போச்சு. நீ பக்கத்துல நின்னிருந்தா பாவாடை பாதி மறைஞ்சிருக்கும். தையல் எவ்ளோ நேரா விழுந்திருக்கு, பாத்தியா?"

சிரித்தேன். பிறகு மெஷின் முன்னால் போய் உட்கார்ந்து, நூல் கோக்கத் தெரியாதவள்போல் வெகுநேரம் ஊசியைத் தடவிக்கொண்டு அழுதேன்.

எலும்பு சேர்ந்து சட்டத்தைக் கழற்றியதும் அண்ணன் கால்சட்டைக்குத் திரும்பிவிட்டார். இப்போது ஓய்வுபெற்றுப் பாகான் செராயில் மகளோடு இருக்கிறார். சாயங்காலம் கடைக்குப் போகும்போது மட்டும் அந்த நீலப் பாவாடையைப் போட்டுக்கொள்கிறாராம். பாக்கெட் ஆழமாக இருக்கிறது என்று போனில் காரணம் சொன்னார். நானும் அந்தக் கடையை விட்டு, வீட்டிலேயே தைக்கிறேன். வீடியோ இன்னும் சாகவில்லை. வருடத்துக்கு ஒருமுறையாவது யாராவது புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் எனக்கு அனுப்பிவைக்கிறார்கள். எல்லாரும் பார்ப்பது பாவாடை கட்டிய மனிதரைத்தான். வலது ஓரத்தில் பச்சைச் சுடிதாரில் நிற்கும் பெண் யார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. வளையல் கடைக்கு அன்று விடுமுறை. இழுத்து மூடிய இரும்புக் கதவை அவள் அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.